விளக்கு வைத்த பிற்பாடு

நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்பதற்கும், நடுவயதைத் தாண்டிய ஒருத்தி அதையே மனத்துக்குள் விரும்புவதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. குழந்தைக்கு வேண்டியது ஓடியாட ஒரு துணை. நான்கு நாள் அழுதுவிட்டு அதன் சித்தம் வேறொன்றில் போய்விடும். என்னைப் போன்றவளுக்கோ, வீட்டில் நெடுங்காலமாக நடந்துவந்த ஒரு காரியம் திடீரென்று நின்றுபோய், அந்தக் காரியத்துக்கென்று பழகிய கையும் குரலும் இனி என்ன செய்வது என்று அறியாமல் திகைத்து நிற்கும்போதுதான் இப்படிப்பட்ட ஆசை வருகிறது. அது வருகிற நேரமும் குறிப்பிட்ட நேரமாகவே இருக்கிறது. எனக்கு அது விளக்கு வைத்த பிற்பாடு, ஆறரை மணி சுமாருக்கு வந்தது.

என் தகப்பனார் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் நீர் அழுத்த நோய் என்று வைத்தியர் கண்டு சொல்வதற்குள் பக்கப் பார்வை முழுவதும் போய்விட்டது. அந்த நோயின் கொடுமையே அதுதான்; வலியில்லாமல், முன்னறிவிப்பில்லாமல் ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வந்து, நடுவில் ஒரு குழாய்த் துவாரம் அளவுக்கு மிச்சம் வைத்து, பிறகு அதையும் எடுத்துக்கொண்டுவிடும். போன பார்வையை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தருவதில்லை. எழுத்தோடு வாழ்ந்த மனிதருக்கு எழுத்து மறைந்த அன்றிலிருந்து, நான் உத்தியோகத்திலிருந்து திரும்பி முகம் கழுவி வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்று.

வாசிப்பது என்றால் அவரிடம் லேசான காரியமன்று. வாக்கியத்தின் முடிவை விழுங்கினால் நாற்காலிக் கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடியும் அந்த வாக்கியத்தின் தலையிலிருந்து தொடங்க வேண்டும். சந்தி பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமல் ஓடினாலும் அந்தத் தட்டு விழும். மற்றபடி அவர் பேசமாட்டார். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் தொண்டைக்குள்ளிருந்து ஓர் ‘உம்’ மட்டும் வரும். அந்த ‘உம்’மிலேயே பல ஜாதி உண்டு. விஷயம் பிடித்திருந்தால் அது நீளும். எழுதியவர்மேல் அபிப்பிராய பேதம் இருந்தால் பாதியில் வெட்டிக்கொண்டு நிற்கும். தூக்கம் வந்துவிட்டால் ஒரு வாக்கியம் தாமதித்து வரும். கேட்பவர் உம் கொட்டினால்தான் கதை நடக்கும் என்று நம்மவர்கள் சொல்வது எவ்வளவு வாஸ்தவம் என்பதை அந்த மாலைகளில் அறிந்துகொண்டேன்.

முதலில் பத்திரிகை, அப்புறம் புத்தகங்கள். உ. வே. சாமிநாதையரவர்கள் 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942-இல் காலமானதால் முற்றுப்பெறாமலே நின்றுபோன ‘என் சரித்திரம்’. ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’. அதற்குப் பிறகு, ம. வீ. இராமானுஜாசாரியார் பண்டிதர்களைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலம் சொல்லொணாத பிரயாசைப்பட்டுப் பதிப்பித்த கும்பகோணம் பாரதம். அதில் சாந்தி பருவம் வந்தபோது எனக்கு அலுப்புத் தட்டியது. பதினெட்டுப் பருவங்களிலும் அதுதான் நீளமானது. யுத்தம் முடிந்துவிட்டது, பகைவர் மாண்டார்கள், இனி என்ன என்று நினைக்கும் சமயத்தில், பந்துக்களைக் கொன்று பெற்ற ராஜ்யம் வேண்டாம் என்று தருமபுத்திரர் அழுகிறார். நாரதரும் வியாசரும் தம்பிமாரும் கிருஷ்ணனும் முடிவில் அம்புப்படுக்கையில் கிடக்கும் பீஷ்மரும் அவருக்குச் சமாதானம் சொல்கிறார்கள். “கொஞ்சம் தள்ளி வாசிக்கட்டுமாப்பா?” என்று கேட்டேன். “ஒருத்தனோட துக்கத்தை ஆத்துறதுக்கு எத்தனை பக்கம் வேணுமோ அத்தனை பக்கம் எழுதியிருக்கார். அதைத் தள்ளிட்டா பாரதத்துல வெட்டுக்குத்துதான் மிஞ்சும். வாசி” என்றார். ஒரு வரி தள்ளாமல் வாசித்தேன்.

வைகாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் அவர் போய்விட்டார். அதைப்பற்றி விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அக்காள் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பி, வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும் என்று நான் நம்பியிருந்த புத்தகங்கள் அப்போது உதவவில்லை. கண் வரிகளின்மேல் ஓடும், வாக்கியம் முடியும், முடிந்த இடத்தில் மனசு நின்று, வராத ஓர் ‘உம்’முக்காகக் காத்திருக்கும். அடுத்த வாக்கியத்துக்குப் போக அனுமதி கிடைக்காதது போன்ற ஒரு தவிப்பு. பலர் எழுதியும் சொல்லியும் இருப்பதைப் போல, இறந்தவருடைய முகம் நினைவுக்கு வந்து வருத்துவது துக்கத்தில் ஒரு பகுதிதான். அதைவிடப் பெரும் பகுதி, அவருக்கென்று செய்துவந்த தொண்டு நின்றுபோனதால் வருவது என்றே நான் நினைக்கிறேன். மருந்து வேளை வருகிறது, மருந்து கொடுக்க ஆள் இல்லை. வெந்நீர் போட வேண்டிய நேரம் வருகிறது, வெந்நீர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நேசம் குறையவில்லை, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இருந்த முகவரிதான் போய்விட்டது.

தை பிறந்த சமயத்தில், சாம்பார்ப் பொடி திரிக்க மாவு மில்லுக்குப் போனேன். கரண்டு இல்லை என்று மில்காரர் உட்காரச் சொன்னார். பின்புறத்தில் உமி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே செவலை நிறத்து நாட்டு நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பிறந்து பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள்தான் நாய்க்குட்டிக்குக் கண் திறக்கும். காது கேட்பதற்கு அதற்குமேலும் சில நாள் பிடிக்கும். அதுவரை அதற்கு உலகம் என்பது உஷ்ணமும் வாசனையும்தான். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளக்கூட அதனால் முடியாது. தாய் சற்று எழுந்து போயிருந்த அந்தச் சில நிமிஷங்களில், ஒரு குட்டி மற்றவற்றிலிருந்து புரண்டு விலகிப்போய், தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டி ஆட்டி, மூக்கால் தரையைத் தடவிக்கொண்டே, சகோதரங்களின் சூடு இருக்கும் இடத்தைத் தேடித் தேடி வந்து, ஒன்றன்மேல் முகத்தை வைத்ததும் அசைவற்றுப் போயிற்று. மில்காரர் பொடியைக் கட்டிக் கொடுத்தும் நான் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு விளக்கு வைத்த பிற்பாடு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, அமைதியாகவே மறுத்தாள்.

“அப்பா போய் வருஷம் திரும்பல. அதுக்குள்ள வாசல்ல நாய்க்குட்டி வெளையாடிட்டு இருந்தா துக்கம் விசாரிக்க வர்றவங்க என்னம்மா நெனப்பாங்க?”

தலைத்திவசம் முடியும் பரியந்தம் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. வீட்டுக்குப் புதிதாக ஒன்றையும் கொண்டுவருவதில்லை. இந்த ஆசாரத்தை நான் இகழ்ந்து பேசமாட்டேன். ஒரு மனிதர் இல்லாத இடத்தை ஒரு வருஷமாவது காலியாக வைத்திருக்க வேண்டும் என்று நம் முன்னோர் விதித்ததில் ஒரு மரியாதை இருக்கிறது.

இரண்டாவது காரணம் அவளுடைய பால்ய காலத்தது. அம்மாவின் தம்பியை, எங்கள் மாமாவை, சிறு வயதில் வெறிநாய் கடித்துவிட்டது. அந்நாளில் அதற்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. 1907-இல் குன்னூரில் ஏற்பட்ட பாஸ்டர் ஸ்தாபனத்திலிருந்து தென்னாட்டுக்கு அந்த மருந்து வந்துகொண்டிருந்தது. தினந்தோறும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாட்டி ஆஸ்பத்திரிக்கு நடந்ததையும், ஊசி போட்ட வயிறு கட்டி தட்டி வீங்கிக் கிடந்ததையும், சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாமா தண்ணீர்ச் செம்பைப் பார்த்துப் பயந்தானா என்று வீடே கவனித்துக்கொண்டிருந்ததையும் அம்மா சொல்லும்போது, அந்தப் பயம் இன்னும் அவள் குரலைவிட்டுப் போகவில்லை என்று தெரியும். அந்த மருந்தை நம் தேசத்தில் 2004-ஆம் வருஷ முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது போடும் ஊசி கையிலேதான். அதுவும் நாலைந்து முறைதான். ஆனால் வெறிநோய் கண்டபின் மனிதர் அநேகமாகப் பிழைப்பதில்லை என்பது அன்றைக்குப்போலவே இன்றைக்கும் உண்மை. எனவே அம்மாவின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாய்க்கு ஆயுசு பன்னெண்டு, பதிமூணு வருஷம். இன்னொன்னைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல.”

அதற்குமேல் நான் பேசவில்லை. எப்படியோ விஷயம் தெரிந்து, ராஜபாளையத்தில் இருக்கும் சித்தப்பா, “நல்ல ஜாதிக் குட்டியாவே வாங்கித் தர்றேன்” என்று முன்வந்தார். பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்த நாயை யாருக்குத்தான் பிடிக்காது? பால் வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். 2005-இல் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் இடம்பெற்றது. ஆனால் அது ஓடப் பிறந்த பிராணி. தோட்டத்துக்கும் காட்டுக்கும் உரியது. வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கியதால் சில குட்டிகள் செவிடாகவே பிறப்பதும் உண்டு. மூட்டுவலிக்காரியான ஒரு தாயாரும் பகலெல்லாம் உத்தியோகத்துக்குப் போகிற ஒரு மகளும் உள்ள நான்கு கட்டு வீட்டில் அதை அடைத்து வைப்பது பாவம். சித்தப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவரும் நியாயந்தான் என்றார்.

வாசிப்பு எனக்குத் திரும்பி வந்ததும் ஒரு நாயின் மூலமாகத்தான். செகாவ் 1887-இல் எழுதிய ‘கஷ்டாங்கா’ என்ற கதையை ஒரு ராத்திரி எடுத்தேன். சிறியது என்பதைத் தவிர அதைத் தேர்ந்ததற்கு வேறு காரணமில்லை. குடிகாரத் தச்சனிடம் வளர்ந்த நாய் ஒன்று வழி தப்பி, வித்தை காட்டும் ஒருவர் வீட்டில் அடைக்கலம் அடைகிறது. அங்கே ஒரு வாத்தும் பூனையும் பன்றியும் அதற்குச் சிநேகமாகின்றன. அந்தக் கதையில் ஓர் இரவு வருகிறது. குதிரை மிதித்துவிட்டதால் வாத்து இருட்டில் கிடந்து சாகிறது. நாய்க்குச் சாவு என்றால் இன்னதென்று தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அறைக்குள் வந்து நிற்பதாக அதற்குத் தோன்றுகிறது. காரணம் தெரியாமலே அழவேண்டும்போல் இருக்கிறது. மனிதருடைய மரணத்தைப்பற்றி நான் படித்த எத்தனையோ உபந்நியாசங்கள் சொல்லாததை அந்த நாலு பக்கம் எனக்குச் சொல்லிற்று. எங்கள் வீட்டிலும் அந்த விடியற்காலையில், வைத்தியர் வந்து கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு வெகு நேரம் முன்பே, அம்மா எழுந்து உட்கார்ந்து, “யாரு வந்தது?” என்று கேட்டாள். படித்து முடித்துவிட்டுத்தான், முதலிலிருந்து கடைசிவரை ‘உம்’முக்காகக் காத்திராமல் படித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்து அம்மாவே கேட்டாள்: “நீ சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்கு ஏதாவது வாசியேன். நானுந்தான் கேக்கேன்.” இத்தனை வருஷமும் அவள் அடுப்படியில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டு வந்திருக்கிறாள் என்பதை நான் மறந்திருந்தேன். என்ன வாசிக்க என்றேன். “நாய் வருமே, அந்த எடம்” என்றாள்.

அந்த இடத்துக்கு வியாசரிடந்தான் போகவேண்டும். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் போர் முடிவோடு நிறுத்திக்கொண்டார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். வியாச பாரதமோ தொடக்கத்திலும் ஒரு நாய், முடிவிலும் ஒரு நாய் என்று அமைந்தது. ஆதி பருவத்தில் ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்கிற இடத்துக்கு ஒரு குட்டி வருகிறது. அது தேவலோகத்துப் பெண்நாயான சரமையின் பிள்ளை. ராஜாவின் தம்பிமார் அதை அடித்துத் துரத்துகிறார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறது. ஹவிஸை நக்கவுமில்லை, ஏறெடுத்துப் பார்க்கவுமில்லை என்கிறது. சரமை நேரே யாகசாலைக்குள் வந்து, என் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். சக்கரவர்த்தி குலத்தில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாயில்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். நூறாயிரம் சுலோகங்கள் கொண்ட கிரந்தத்தின் வாசலில் ஒரு தாய் நியாயம் கேட்டு நிற்கிறாள்; அவள் நாய் என்பதற்காக அவளுடைய கேள்வியின் கனம் அங்கே குறைக்கப்படவில்லை.

முடிவில் மஹாப்ரஸ்தானம். ஐவரும் திரௌபதியும் மரவுரி தரித்துப் புறப்படும்போது ஹஸ்தினாபுரத்திலிருந்தே ஒரு நாய் பின்தொடர்கிறது. மலை வழியில் முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகதேவன், நகுலன், அர்ஜுனன், கடைசியில் பீமன். தருமர் ஒருவருக்காகவும் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. இந்திரன் ரதத்தோடு எதிரே வந்து, ஏறு, ஆனால் நாயை விட்டுவிடு என்கிறான். அவர் மறுக்கிறார். மனைவியையும் தம்பிமாரையும் விட்டுவந்த நீ நாயை விட மாட்டாயோ என்று இந்திரன் கேட்கிறான். உலகத்தில் கேட்கப்பட்ட கடுமையான கேள்விகளில் அது ஒன்று என்று நினைக்கிறேன். அதற்குத் தருமர் சொல்லும் பதில் இது: மாண்டவர்களோடு சேர்க்கையுமில்லை, பகையுமில்லை, அவர்களைப் பிழைப்பிக்க என்னால் ஆகவில்லை, அதனால் விட்டேன், உயிரோடிருக்கையில் விடவில்லை. இது உயிரோடிருக்கிறது, என்னை நம்பி வந்திருக்கிறது. அஞ்சி வந்து சரணடைந்ததைக் கைவிடுவது மகா பாதகங்களுக்குச் சமானம்.

அந்த நாய் பிறகு தர்மதேவதையாக, அதாவது தருமருடைய சொந்தத் தகப்பனாராக நிற்கிறது என்பதை யாவரும் அறிவர். தகப்பனை இழந்தவள் அந்த இடத்தை வாசிக்கும்போது குரல் தடுமாறியது உண்மை. ஆயினும் அந்த அற்புதத்தின்மேல் நான் எதையும் கட்ட விரும்பவில்லை. குட்டியாக அப்பா வருவார் என்று நான் எண்ணவில்லை. அப்படி எண்ணுவது அவருக்கும் மரியாதையன்று, குட்டிக்கும் நியாயமன்று. தன் பதிலைச் சொன்ன நிமிஷத்தில் தருமருக்கு அது வெறும் நாய் என்றுதான் தெரியும். அந்தப் பதிலின் மேன்மை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

புத்தகத்தை மூடினேன். இறந்தவருக்குச் செய்யவேண்டியது ஒன்று, இருப்பதற்குச் செய்யவேண்டியது வேறொன்று, இரண்டும் மோதுவதில்லை என்று அம்மாவுக்கும் இப்போது பட்டிருக்கும் என நம்பினேன். அம்மா நெடுநேரம் யோசித்தாள்.

“அந்த நாய் ஊர்லேர்ந்து தானா அவர் பின்னாடி வந்துச்சு. அதை விடமாட்டேன்னாரு, சரிதான். இந்தக் குட்டி உன் பின்னாடியா வந்துச்சு? நீல்ல அது பின்னாடி போற.”

நான் கற்றவை எல்லாவற்றையும் கொண்டு அந்த வார்த்தைக்குப் பதில் தேடினேன், இல்லை. அடைக்கலம் தேடுகிறவள் நான். உமி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும் அதுவோ தாயின் மடியில் குறையொன்றுமின்றி இருக்கிறது. அதற்கு ஒரு தாய் இருக்கிறாள், சரமைக்கு இருந்த அதே உரிமையோடு. எட்டு வாரமாவது குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவையோடும் இருக்கவேண்டும். கடிப்பதில் அளவு, பயத்தில் அளவு, பிற பிராணிகளோடு பழகும் முறை இவையெல்லாம் அங்கேதான் படிகின்றன. நம் ஊரில் கண் திறந்ததும் அழகாக இருக்கிறதென்று தூக்கிவந்து, பசும்பாலை ஊற்றி, அது வயிற்றுக்கு ஒவ்வாமல் கழிந்து செத்துப்போவதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். பார்வோ என்கிற விஷக்கிருமி தடுப்பூசி போடாத குட்டிகளை ரத்தபேதியில் கொண்டுபோய்விடுகிறது. ஒரு வீட்டு மண்ணில் அது பல மாதம் சாகாமல் கிடக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை விட்டுவிட்டு மற்றவை, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்க்கு ஒன்று. இவ்வளவும் செய்யத் தயாரில்லாதவர் குட்டியின்மேல் பிரியம் என்று சொல்லக்கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நானும் அம்மாவின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அந்தப் பேச்சை விட்டேன். பாரதம் மட்டும் நிற்கவில்லை. அம்மா உம் கொட்டுகிறவள் அல்லள். குறுக்கே கேள்வி கேட்கிறவள்.

மாசி முடிகிற சமயத்தில் கோதுமை திரிக்க அம்மாவே மில்லுக்குப் போனாள். திரும்பி வந்து தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஆண் குட்டியை எல்லாம் ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொட்டைக் குட்டி ஒண்ணு மட்டும் கெடக்கு. சந்தைப்பக்கம் கொண்டுபோய் விடப்போறேன்னு மில்காரர் சொல்லுதாரு.” பெட்டைக் குட்டியை யாரும் விரும்பி எடுப்பதில்லை, ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் தீர்ந்துபோகிற கஷ்டத்துக்குப் பயந்து, பால்குடி மறவாத ஜீவன்களைச் சந்தைமேட்டிலும் புறவழிச் சாலையிலும் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவே தொடர்ந்தாள்: “அன்னைக்கு அதுக்குத் தாய் இருந்துச்சு. இன்னைக்குப் போக்கிடம் இல்ல. வருஷம் திரும்புற வரைக்கும் காத்துக் கெடக்குமா அது? எட்டு வாரம் என்னைக்கு ஆகுதுன்னு பாரு. அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும், சோத்துக்கு நான் குடுத்தனுப்புதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

பூஜை அறைக்குள் விடக்கூடாது. திவசத்தன்று பின்கட்டில் இருக்கவேண்டும். ஊசி ஒன்று தவறினாலும் தான் பொறுப்பல்ல என்பவை அவள் நிபந்தனைகள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். கடைசியாகப் புத்தக அலமாரியைக் காட்டினாள். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் இருபத்தெட்டும் விழுந்து முளைக்கும். அந்தக் காலத்தில் ஈறு குறுகுறுப்பதால் எட்டியதையெல்லாம் கடிக்கும். கும்பகோணம் பாரதம் கீழ்த்தட்டில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே கையை விட்டுத் தடவி, முதுகின் கனத்தைக் கொண்டே இது இன்ன பருவம் என்று அப்பா எடுத்துத் தருவார். அவர் வைத்த வரிசை கலையாமல் அப்படியே இருந்தது. நான் தயங்கி நின்றதை அம்மா கவனித்தாள்.

“அவர் கைக்கு எட்டணும்னு அங்க வச்சது. இனி உன் கைக்கு எட்டுனாப் போதும். எடு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகத் தட்டுகளைத் துடைத்து, வேப்பிலை போட்டு, தொகுதிகளை மேலே ஏற்றினோம். சாந்தி பருவம் மட்டும் மேல்தட்டில் கொள்ளவில்லை; நடுத்தட்டில் வைத்திருக்கிறோம். குட்டி அந்த உயரத்துக்கு வளர்வதற்குள் பல் முளைத்து முடிந்திருக்கும். கால்நடை ஆஸ்பத்திரியில் முதல் ஊசிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.